எடிட்டிங் போட்டா மட்டும் சிஸ்டம் கிராஷ் ஆகுதா? ரேமை நீங்களே டெஸ்ட் பண்ற வழி

போன வைகாசி முகூர்த்த சீசன்ல சாலிகிராமத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணான். "அண்ணா, கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் போட்டேன், 62 சதவீதத்துல ப்ளூ ஸ்க்ரீன், மறுபடி போட்டேன் 38ல, இப்ப மூணாவது தடவை 10 கூட தாண்டல, காலைல டெலிவரிண்ணா"ன்னு குரல் நடுங்குது. அதுக்குள்ள அவன் விண்டோஸை ரெண்டு தடவை புதுசா போட்டிருக்கான், சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போட்டிருக்கான், கிராஃபிக்ஸ் டிரைவர் மாத்தியிருக்கான். எல்லாத்தையும் கேட்டுட்டு கடைசியா ஏதாவது புதுசா சிஸ்டத்துல சேர்த்தியாடான்னு கேட்டப்பதான் சொல்றான், ரெண்டு வாரம் முன்னாடி ரிச்சி ஸ்ட்ரீட் போய் இன்னொரு 16 ஜிபி ரேம் வாங்கி சொருகினேன்ணா, அதுக்கு முன்னாடியும் கிராஷ் ஆச்சே, அதனாலதான் வாங்கினேன்னு.

விஷயம் அங்கதான் இருக்கு. ரேம் வாங்குறதுக்கு முன்னாடி அவனுக்கு வந்த கிராஷ் வேற நோய், வாங்கின பிறகு வர்ற கிராஷ் வேற நோய். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எடிட்டிங் பாதியில போயிடும், ஆனா மருந்து ரெண்டுக்கும் வேற. முதல்ல இருந்தது ரேம் பத்தாத பிரச்சனை, அப்புறம் வந்தது ரேம் தப்பா வேலை செய்யுற பிரச்சனை. புதுசா எடிட்டிங்குக்கு வர்றவங்க பெரும்பாலும் இந்த இடத்துலதான் காசையும் தூக்கத்தையும் விடுறாங்க, அதனால நான் படிப்படியா எப்படி பார்ப்பேனோ அதே வரிசையில சொல்றேன். நீங்களே வீட்ல பண்ணலாம், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பென்டிரைவும் ஒரு நோட்டும் போதும்.

முதல்ல மெமரி கார்டை ஃபார்மட் பண்றதை நிறுத்துங்க

சிஸ்டத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. கேமராவுல இருந்து எடுத்த கார்டு எதையும் பிரச்சனை முடியுற வரைக்கும் ஃபார்மட் பண்ணாதீங்க. ஏன்னா நீங்க கார்டுல இருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ற ஒவ்வொரு பைலும் ரேம் வழியாத்தான் போகுது. ரேம் தப்பு பண்ணுதுன்னா, காப்பி ஆகும்போதே நடுவுல ஒரு பிட் மாறிடலாம், எந்த எர்ரரும் காட்டாது, பைல் சைஸும் சரியா இருக்கும், ஆனா தாலி கட்டுற ஷாட்ல பச்சைக் கோடு விழுந்திருக்கும். அந்த நேரம் திரும்ப வராது. எக்ஸ்போர்ட் போனா மறுபடி போட்டுக்கலாம், புட்டேஜ் போனா அந்தக் குடும்பத்துக்கு நம்மால எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால கார்டை அப்படியே எடுத்து ஒரு டப்பாவுல வைங்க, ப்ராஜெக்ட் பைலை மட்டும் பென்டிரைவ்லயோ டிரைவ்லயோ ஒரு காப்பி போட்டுக்கோங்க. டெலிவரி அவசரம்னா முடிஞ்சா வேற ஒருத்தர் சிஸ்டத்துல கார்டுல இருந்து நேரா காப்பி பண்ணி எக்ஸ்போர்ட் போட்டு அனுப்பிட்டு, அப்புறம் நிதானமா இங்க வாங்க.

பத்தலையா, இல்ல தப்பா ஓடுதா

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரியை அமுக்குங்க. அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டே வழக்கமா கிராஷ் ஆகுற வேலையைப் பண்ணுங்க. மேல எவ்வளவு ரேம் யூஸ் ஆகுதுன்னு காட்டும், அதைவிட முக்கியம் கீழ கமிட்டெட்னு ரெண்டு நம்பர் சாய்கோடு போட்டு இருக்கும், முதல் நம்பர் இப்ப எல்லா ப்ரோக்ராமும் சேர்ந்து கேட்டு வச்சிருக்கிறது, ரெண்டாவது சிஸ்டத்தால அதிகபட்சம் கொடுக்க முடிஞ்சது, அதாவது ரேமும் பேஜ் பைலும் (ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல எடுத்துக்கிற இடம்) சேர்த்து. முதல் நம்பர் ரெண்டாவதைத் தொடுற நேரத்துல எடிட்டிங் சாஃப்ட்வேர் மூடிக்குதுன்னா உங்க ரேம் நல்லாத்தான் இருக்கு, பத்தலை, அவ்வளவுதான். இந்த வகையில மெதுவா ஆகும், மவுஸ் இழுக்கும், லோ மெமரின்னு வார்னிங் வரும், அப்புறம் சாஃப்ட்வேர் மட்டும் மூடும், விண்டோஸ் பெரும்பாலும் உயிரோட இருக்கும். விண்டோஸ் எர்ரரை எல்லாம் எழுதி வைக்கிற ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல 2004ங்கிற நம்பர்ல ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன்னு ஒண்ணு பதிவாகியிருந்தா சந்தேகமே வேண்டாம், இதுதான்.

32 ஜிபில பாதிதான் யூஸ் ஆகியிருக்கு, ஆனாலும் திடீர்னு ப்ளூ ஸ்க்ரீன், இல்ல படக்குனு ரீஸ்டார்ட், இல்ல எந்த மெசேஜும் இல்லாம சாஃப்ட்வேர் காணாம போகுதுன்னா அது ரெண்டாவது வகை. இதைத்தான் அன்ஸ்டேபிள் மெமரின்னு சொல்றோம்.

மூணாவதா ஒண்ணு குழப்பும். டாவின்சி ரிசால்வ்ல ஜிபியு மெமரி ஃபுல்னு வந்தா அது இந்த ரேமே இல்ல, கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ள இருக்கிற மெமரி, நீங்க 64 ஜிபி ரேம் வாங்கிப் போட்டாலும் அந்த எர்ரர் போகாது. டைம்லைன் ரெசல்யூஷனைக் குறைங்க, நாய்ஸ் ரிடக்ஷனை கடைசியா போடுங்க.

பத்தாத கேஸுக்கு சுருக்கமா சொல்லிடறேன். பேஜ் பைலை ஆஃப் பண்ணி வச்சிருந்தா ஆன் பண்ணுங்க, ரேம் நிறைய இருந்தா பேஜ் பைல் தேவையில்லைன்னு யாரோ சொன்னதை நம்பி ஆஃப் பண்ணி வச்சவங்க நிறைய பேர், அதை எஸ்எஸ்டில சிஸ்டமே பார்த்துக்கிற மாதிரி விட்டுடுங்க, சி டிரைவ்ல இடமும் வைங்க. ப்ரீமியர்ல ப்ரிஃபரன்ஸஸ், மெமரி போனா மத்த ப்ரோக்ராமுக்கு எவ்வளவு ரேம் ஒதுக்கணும்னு கேட்கும், அதை ரொம்பக் குறைச்சு வைக்காதீங்க, விண்டோஸ் மூச்சு விடணும். ரிசால்வ்லயும் ப்ரிஃபரன்ஸஸ்ல மெமரி அண்ட் ஜிபியுன்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, ஆனா அது ரிசால்வ் எடுத்துக்கிற ரேமோட அளவு, அதை ரொம்ப ஏத்தி வைக்காதீங்க. 4கே மல்டிகேம்னா ப்ராக்ஸி, அதாவது லேசான சின்ன காப்பி, போட்டு எடிட் பண்ணுங்க. ப்ரௌசரை மூடுங்க. ப்ரீமியருக்கு எச்டி வேலைன்னா 16, 4கேன்னா 32ன்னு அடோபியே சொல்றாங்க, அது நியாயமான கணக்குதான்.

டைம்கோடை எழுதி வைங்க

ரெண்டாவது வகைன்னு தோணினா உடனே கேபினட்டைத் திறக்காதீங்க. அதே ப்ராஜெக்டை மூணு தடவை எக்ஸ்போர்ட் போடுங்க, ஒவ்வொரு தடவையும் எந்த இடத்துல நின்னுச்சுன்னு நோட்டுல எழுதுங்க. மூணு தடவையும் 14ஆவது நிமிஷம் அதே ஷாட்ல நிக்குதுன்னா அது ரேம் இல்ல, அந்த கிளிப் கெட்டிருக்கு, இல்ல அதுமேல போட்ட எஃபெக்ட், ப்ளக்இன் ஏதோ ஒண்ணு, அந்த ஷாட்டை மட்டும் எடுத்துட்டுப் போட்டுப் பாருங்க ஓடிடும். என் தம்பி சொன்ன மாதிரி 62, 38, 10னு இஷ்டத்துக்கு நிக்குதுன்னா அப்பதான் ஹார்ட்வேர் மேல சந்தேகம் வரணும்.

ப்ளூ ஸ்க்ரீன்ல கீழ வர்ற ஸ்டாப் கோடையும் போன்ல போட்டோ எடுங்க. மெமரி மேனேஜ்மென்ட், ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியான்னு ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர்ல வந்தா ரேம் பக்கம் கை காட்டுதுன்னு அர்த்தம். எப்பவும் ஒரே பேர், ஒரே டிரைவர் பைல் பேரும் கூட வருதுன்னா அந்த டிரைவரை முதல்ல பாருங்க.

ஏன் எடிட்டிங்ல மட்டும் இது வருது, யூடியூப் பார்த்தா, மெயில் பார்த்தா வரலையேன்னு எல்லாரும் கேட்பாங்க, கடைக்காரர்கிட்ட கொண்டு போனாலும் அவர் ஆன் பண்ணி பத்து நிமிஷம் பார்த்துட்டு நல்லாத்தானே இருக்குன்னு திருப்பிக் கொடுத்துடுவாரு. ப்ரௌசர் பார்க்கும்போது ரேம்ல கால்வாசிதான் தொடுறோம். ரெண்டர் போட்டா கோர் எல்லாம் ஒரே நேரத்துல ஓடும், ரேம்ல மூலை முடுக்கெல்லாம் டேட்டா எழுதி எழுதி எடுக்கும், அதுவும் மணிக்கணக்கா. எங்கயோ ஒரு மூலையில ஒரு செல் பலவீனமா இருந்தா அது அப்பதான் மாட்டும். அந்த செல்லுல ஒரு ஃபிரேமோட படம் இருந்தா ஒரு புள்ளி கலர் மாறும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே இடத்துல ப்ரோக்ராமோட அட்ரஸ் இருந்தா கிராஷ். அதனாலதான் ஒரு நாள் நல்லா ஓடி மறுநாள் மூணு தடவை விழுது.

பயாஸ்ல எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணுங்க

இனிமே ஒவ்வொண்ணா. ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம்தான் மாத்தணும், மாத்தினதை நோட்டுல எழுதணும். மூணு விஷயத்தை ஒரே நேரத்துல மாத்திட்டு சரியாயிடுச்சுன்னா எதனால சரியாச்சுன்னு தெரியாது, அடுத்த மாசம் திரும்ப வந்தா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

ரேம் டப்பா மேல 3600, 6000னு போட்டிருக்கிற ஸ்பீடு அதோட பிறவி ஸ்பீடு இல்ல. டிடிஆர் 4 தலைமுறை ரேம்னா ஸ்டாண்டர்ட்படி 1.2 வோல்ட்ல அதிகபட்சம் 3200 வரைக்கும்தான், பல ரேம் ஸ்டிக் சொந்தமா 2133லயோ 2400லயோதான் எழுந்திருக்கும். அதுக்கு மேல போறதுக்கு ஸ்டிக்குள்ள ஒரு செட்டிங் எழுதி வச்சிருப்பாங்க, இன்டெல் போர்டுல அதுக்கு எக்ஸ்எம்பின்னு பேர், ஏஎம்டில டிடிஆர் 5க்கு எக்ஸ்போ, சில போர்டுல டிஓசிபின்னும் இருக்கும். அதை ஆன் பண்ணா வோல்டேஜும் டிடிஆர் 4ல பெரும்பாலும் 1.35க்கு ஏறும். இன்டெல், ஏஎம்டி ரெண்டு பேருமே இதை ஓவர்கிளாக்கிங் கணக்குலதான் வைக்கிறாங்க, அதாவது ஓடும்னு ப்ராசசர் கம்பெனி கியாரண்டி கொடுக்கல. அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறவங்க ஆன் பண்ணி விட்டுடுவாங்க, நமக்குத் தெரியாது.

சிஸ்டம் ஆன் ஆகும்போதே டெலீட் கீயை விடாம தட்டுங்க, சில போர்டுல எஃப்2, பயாஸ் வரும், அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங் ஸ்க்ரீன். எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ டிஓசிபியோ என்ன பேர்ல இருந்தாலும் டிஸேபிள் பண்ணி சேவ் பண்ணி வெளிய வாங்க. டிடிஆர் 5 சிஸ்டம்னா இதுக்கப்புறம் சில நிமிஷம் ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கலாம், அது ரேமை பழகிக்குது, பயந்து ஸ்விட்சை ஆஃப் பண்ணிடாதீங்க. அப்புறம் அதே ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் போடுங்க. கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும், ஆனா முழுசா முடிஞ்சா, அதுவும் மூணு தடவை முடிஞ்சா, பாதி விடை கிடைச்சாச்சு: ரேம் செத்துப் போகல, அந்த ஸ்பீடுதான் தாங்கல. அவசர டெலிவரி இருந்தா இந்த நிலையிலேயே முடிச்சுக் கொடுத்துடலாம். தம்பிக்கு அன்னைக்கு ராத்திரி நான் போன்ல சொன்னது இதை மட்டும்தான், வேற எங்கயும் அந்த நேரத்துல கார்டைக் கொண்டு போக முடியல, எக்ஸ்போர்ட் விடியக்காலை நாலரைக்கு முடிஞ்சுதுன்னு மெசேஜ் போட்டான், முழுசா ஓட்டிப் பார்த்துட்டு அனுப்புடான்னு சொன்னேன்.

கழட்டி மாட்டுறது

ஸ்பீடைக் குறைச்சும் போகலேன்னா பவர் கேபிளைப் பிடுங்குங்க, பிடுங்கின பிறகு பவர் பட்டனை ஒரு அஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிங்க, உள்ள மிச்சம் இருக்கிற கரண்ட் போயிடும். கேபினட்டோட இரும்புப் பாகத்தை ஒருதடவை தொட்டுட்டு ரேம் ஸ்டிக்கைக் கழட்டுங்க, ஓரத்தைப் பிடிச்சு, தங்கக் கலர்ல இருக்கிற காண்டாக்ட்டை விரலால தொடாம. நம்ம ஊர் ஈரக்காத்தும் தூசியும் சேர்ந்து அந்த இடத்துல மெல்லிசா படியும், பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடல் பக்கத்து வீடுன்னா இன்னும் சீக்கிரம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கும், சுத்தமான துணியில தொட்டு துடைச்சுக் காய விடுங்க. ரப்பர் போட்டு அழிக்கிற வழக்கம் நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு, வேலை செய்யும்தான், ஆனா அந்தத் துகள் ஸ்லாட்டுக்குள்ள விழுந்தா புதுப் பிரச்சனை, அதனால நான் இப்ப பண்றதில்ல.

ஸ்லாட்லயும் தூசி இருந்தா ஊதி எடுங்க, வாயால வேணாம், எச்சில் தெறிக்கும். திரும்ப மாட்டும்போது ரெண்டு ஸ்டிக்னா ப்ராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட், நாலு ஸ்லாட் இருக்கிற போர்டு அனேகமா எல்லாத்துலயும் இதுதான், போர்டு மேனுவல்ல படமே இருக்கும் பார்த்துக்கோங்க. ரெண்டு ஓரமும் க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கணும், அரைகுறையா உட்கார்ந்த ஸ்டிக்கும் சில நேரம் ஆன் ஆகிடும், ஆனா லோடு வந்தா விழும். இந்தக் கழட்டி மாட்டுறதுலயே சரியாகிப் போன சிஸ்டம் நான் நிறையப் பார்த்திருக்கேன்.

ராத்திரி டெஸ்ட்

விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக்னு ஒண்ணு இருக்கு, ஸ்டார்ட்ல தேடினா வரும். அதுல எர்ரர் வந்தா நிச்சயம் ரேம் பக்கம் பிரச்சனை, வரலேன்னா ஒண்ணும் அர்த்தமில்ல, அது ரொம்ப மேலோட்டமான டெஸ்ட். நம்ம வேலைக்கு மெம்டெஸ்ட்86+ எடுத்துக்கோங்க, இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2022ல வந்த 6ஆவது வெர்ஷன்ல இருந்து யூஇஎஃப்ஐங்கிற புது வகை பயாஸ் இருக்கிற போர்டுலயும் ஓடுது. பென்டிரைவ்ல போட்டு அதுல இருந்து பூட் பண்ணணும், விண்டோஸே லோட் ஆகாது, ரேமை முழுசா அது ஒண்ணே எடுத்துக்கும். பூட் ஆகலேன்னா பயாஸ்ல செக்யூர் பூட்டை தற்காலிகமா ஆஃப் பண்ண வேண்டி வரலாம், பண்றதுக்கு முன்னாடி டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பார்த்து ரெக்கவரி கீயை எழுதி வச்சுக்கோங்க, இல்லேன்னா திரும்ப விண்டோஸுக்குள்ள போக முடியாம நிப்பீங்க.

இப்ப எக்ஸ்எம்பியைத் திரும்ப ஆன் பண்ணிட்டு, நீங்க தினமும் எந்த ஸ்பீடுல ஓட்ட நினைக்கிறீங்களோ அதுலயே டெஸ்ட் போடுங்க. ராத்திரி போட்டுட்டு தூங்கிடுங்க, குறைஞ்சது நாலு பாஸ் (ரேமை முழுசா ஒருதடவை சோதிச்சு முடிக்கிற சுத்துதான் ஒரு பாஸ்) ஓடணும், 32 ஜிபின்னா பல மணி நேரம் ஆகும். காலைல சிவப்பா ஒரே ஒரு எர்ரர் இருந்தாலும் ஃபெயில்தான், கோடிக்கணக்கான செல்லுல ஒண்ணுதானேன்னு விட்டுடாதீங்க, அந்த ஒண்ணுதான் உங்க எக்ஸ்போர்ட்டை நிறுத்துது.

எர்ரர் வந்தா பிரிச்சுப் பார்க்கணும். ஒரு ஸ்டிக்கை மட்டும் ரெண்டாவது ஸ்லாட்ல போட்டு டெஸ்ட், அப்புறம் அதைக் கழட்டிட்டு இன்னொரு ஸ்டிக்கை அதே ஸ்லாட்ல. ஒண்ணு பாஸ், ஒண்ணு ஃபெயில்னா, ஃபெயிலானதை எக்ஸ்எம்பி இல்லாம ஒருதடவை ஓட்டுங்க, அப்பவும் எர்ரர் வந்தா அந்த ஸ்டிக் போச்சு. ரெண்டுமே தனித்தனியா பாஸ் ஆகுது, சேர்த்தா ஃபெயில்னா ஜோடிப் பொருத்தம் சரியில்ல. எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்ல மட்டும் ஃபெயில்னா மதர்போர்டு, இல்ல ப்ராசசர் சாக்கெட்டுல பின் வளைஞ்சிருக்கு, இல்ல கூலரை ஒரு பக்கமா இறுக்கி முடுக்கியிருக்காங்க, அதைத் தளர்த்தி நாலு பக்கமும் ஒரே அளவா முடுக்கினாலே சரியாகுற கேஸும் உண்டு.

நம்ம தம்பி கேஸ் ஜோடிப் பொருத்தம். பழைய ஸ்டிக் ஒரு கம்பெனி, புதுசு வேற கம்பெனி, ரெண்டு மேலயும் 3600னுதான் போட்டிருக்கு, தனியா ஓடவிட்டா ரெண்டும் நாலு பாஸ் சுத்தமா முடிக்குது, சேர்த்துப் போட்டா ரெண்டாவது பாஸ்லயே எர்ரர். உள்ள இருக்கிற சிப் வேற, டைமிங் வேற, போர்டு ரெண்டையும் ஒரே தாளத்துல ஓட்டப் பார்க்குது, அது முடியல. ஸ்பீடை மட்டும் 3600ல இருந்து 3200க்கு இறக்கினோம், சுத்தமா பாஸ். ஸ்பீடு குறைஞ்சதுல அவனோட எக்ஸ்போர்ட் நேரத்துல பெரிய வித்தியாசமே தெரியல. சீசன் முடியுற வரைக்கும் அப்படியே ஓட்டினான், ஆடி மாசம் கல்யாணம் இல்லாத நேரமாப் பார்த்து ரெண்டையும் கொடுத்துட்டு 16 ஜிபி ரெண்டு சேர்ந்து ஒரே டப்பாவுல வர்ற கிட் வாங்கிட்டான்.

புதுசா வாங்குறவங்க இதை முதல்லயே பண்ணிடுங்க. ஒரே கிட்டா வாங்குங்க, உங்க போர்டோட வெப்சைட்ல சப்போர்ட் பண்ற ரேம் லிஸ்ட் இருக்கும், அதுல அந்த மாடல் நம்பர் இருக்கான்னு வீட்லயே பார்த்து எழுதிக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போங்க, போய் நின்னு கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறதை வாங்காதீங்க. இன்னொண்ணு, டிடிஆர் 5ல நாலு ஸ்லாட்டையும் நிரப்புறது ரொம்பக் கஷ்டம். ரைசன் 7000ல ரெண்டு ஸ்டிக்குக்கு 5200 வரைக்கும் ஏஎம்டி சொல்றாங்க, நாலு ஸ்டிக் போட்டா அதே ப்ராசசருக்கு 3600தான். 64 ஜிபி வேணும்னா 32 ரெண்டா வாங்குங்க, 16 நாலா வேணாம்.

மத்தியானம் ஏசி இல்லாம ஒருதடவை

இது நம்ம ஊருக்கே உள்ள விஷயம், பெரும்பாலான கைடுல இருக்காது. ராத்திரி ஏசி போட்டு டெஸ்ட் பாஸ் ஆன சிஸ்டம், கத்திரி வெயில்ல, மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு விழும். ரேம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெப்பாசிட்டர்ல சார்ஜா இருக்கு, அது தானா கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால டிடிஆர் 4ல 64 மில்லி செகண்டுக்கு ஒருதடவை எல்லா செல்லையும் திரும்ப நிரப்பணும்னு கணக்கு. சூடு ஏற ஏற கசிவு அதிகம். பலவீனமான செல் குளிர்ச்சியா இருக்கும்போது அந்த 64ஐத் தாக்குப்பிடிக்கும், சூட்டுல பிடிக்காது. அதோட எக்ஸ்போர்ட் போடும்போது கிராஃபிக்ஸ் கார்டு கக்குற சூடு நேரா ரேம் மேலதான் போகுது, மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், அதனால அந்த டெஸ்ட்ல இது மாட்டாது.

அதனால ராத்திரி டெஸ்ட் பாஸ் ஆனாலும், நீங்க நிஜமா வேலை செய்யுற நேரத்துல விண்டோஸுக்குள்ள இருந்தே இன்னொரு டெஸ்ட் போடுங்க. ஓசிசிடிங்கிற சாஃப்ட்வேர்ல மெமரி டெஸ்ட் இருக்கு, டெஸ்ட்மெம்5னு இன்னொரு சாஃப்ட்வேர் இருக்கு, ஒண்ணு போதும். 7-ஜிப் ஏற்கனவே நிறைய பேர் சிஸ்டத்துல இருக்கும், அதுல டூல்ஸ் மெனுல பெஞ்ச்மார்க்னு இருக்கிறது ரேம் எர்ரரையும் கண்டுபிடிக்கும், டிக்ஷனரி சைஸைப் பெருசா வச்சு அரை மணி நேரம் ஓட விடுங்க, அவசரத்துக்கு நல்ல வழி. பக்கத்துல சென்சார் ரீடிங் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ திறந்து வைங்க, டிடிஆர் 5 ஸ்டிக்ல சூடு அளக்குற சென்சார் இருக்கு, எத்தனை டிகிரில எர்ரர் ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சிடும். சூடுதான் காரணம்னா கேபினட்டோட முன்பக்கம் காத்து உள்ள இழுக்குற மாதிரி ஒரு ஃபேன், சிஸ்டத்தை சுவத்தை ஒட்டியோ மேஜைக்கு அடியில பொட்டிக்குள்ளயோ வைக்காம வெளிய இழுத்து வைக்கிறது, இதுலயே தீரும். தீரலேன்னா ஸ்பீடு ஒரு படி இறக்குங்க. வோல்டேஜ் ஏத்திப் பார்க்கச் சொல்லி வீடியோ நிறைய வரும், புதுசா கத்துக்கிறவங்க அதுல கை வைக்காதீங்க, அது சூட்டையும் சேர்த்து ஏத்தும்.

ரேம் எல்லா டெஸ்ட்லயும் பாஸ், இன்னும் விழுதுன்னா

ரேம் மேல பழி போட்டுக்கிட்டே இருக்கக் கூடாது, வேற ரெண்டு மூணு பேர் இதே மாதிரி நடிப்பாங்க. இன்டெல் 13, 14ஆவது ஜெனரேஷன் டெஸ்க்டாப் ப்ராசசர்ல சிலதுல வோல்டேஜ் அதிகமாப் போய் ப்ராசசரே தேய்ஞ்சு நிலையில்லாம ஆகுற பிரச்சனையை 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டு, ஆகஸ்ட்ல மைக்ரோகோட் அப்டேட் (பயாஸ் வழியா வர்ற ப்ராசசர் திருத்தம்) விட்டாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் கூட்டினாங்க. உங்ககிட்ட அந்த ப்ராசசர் இருந்தா பயாஸ் அப்டேட் பண்ணியிருக்கான்னு முதல்ல பாருங்க, ஏற்கனவே தேய்ஞ்சிருந்தா அப்டேட் அதை சரி பண்ணாது, வாரண்டில மாத்தித்தான் ஆகணும். ஏஎம்டி போர்டுலயும் புது பயாஸ்ல ரேம் விஷயம் நிறைய சரி பண்ணியிருப்பாங்க. பயாஸ் அப்டேட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம், எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணிடுங்க, யுபிஎஸ்ல போட்டுடுங்க. தப்பு பண்ற ரேம் வழியா பயாஸ் எழுதினாலும், பாதியில கரண்ட் போனாலும் போர்டு எழுந்திருக்காமலே போகலாம்.

எக்ஸ்போர்ட் போட்டதும் ப்ளூ ஸ்க்ரீன் கூட வராம டப்புனு ஆஃப் ஆகி ஆன் ஆகுதுன்னா கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் மேல சந்தேகப்படுங்க. கிராஃபிக்ஸ் கார்டும் ப்ராசசரும் ஒரே நேரத்துல இழுக்கும்போது விலை கம்மியான எஸ்எம்பிஎஸ் தாங்காது. தெரிஞ்சவங்ககிட்ட நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணு ஒரு நாள் வாங்கி மாட்டிப் பாருங்க, வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சிடும். ஈவென்ட் வியூவர்ல வியா லாக்கர்னு (WHEA-Logger) எர்ரர் வரிசையா இருந்தா அதுவும் ப்ராசசர், பவர் பக்கம் கை காட்டலாம்.

சரியான பிறகு செய்ய வேண்டிய வேலை

ரேம் சரியாயிடுச்சுன்னு அப்படியே எடிட்டிங்ல உட்கார்ந்துடாதீங்க. தப்பு பண்ண நாட்கள்ல அது எழுதின பைல் எல்லாம் இன்னும் டிஸ்க்ல இருக்கு. மீடியா கேஷ், ரெண்டர் கேஷ் எல்லாத்தையும் டெலீட் பண்ணுங்க, இல்லேன்னா பழைய கெட்டுப் போன ஃபிரேமையே திரும்பத் திரும்பக் காட்டும், ரேம் இன்னும் சரியாகலன்னு நீங்க நினைச்சுக்குவீங்க. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினா திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) போட்டு விண்டோஸ் பைலையும் சரி பார்த்துக்கோங்க.

அப்புறம் அந்த டப்பாவுல எடுத்து வச்ச கார்டுகள். அந்த ரெண்டு மூணு வாரத்துல காப்பி பண்ண புட்டேஜ் எல்லாத்தையும் திரும்ப காப்பி பண்ணுங்க, சும்மா இழுத்துப் போடாம செக்சம், அதாவது ரெண்டு பைலும் அச்சு அசல் ஒண்ணான்னு காட்டுற நம்பர், பார்த்து காப்பி பண்ற வழியில. ரிசால்வ்ல மீடியா பேஜ்ல க்ளோன் டூல்னு இருக்கு, அது காப்பி பண்ணி ரெண்டும் ஒண்ணுதானான்னு சரி பார்த்துச் சொல்லும். நாங்க தம்பியோட ஏழு கார்டையும் அப்படித்தான் திரும்ப எடுத்தோம், பழைய காப்பியோட ஒப்பிட்டுப் பார்த்தா ரெண்டு கிளிப் வேற மாதிரி இருந்துச்சு, ஒண்ணு ரிசப்ஷன்ல பொண்ணோட தாத்தா மேடையேறி ஆசீர்வாதம் பண்றது. கார்டு கைல இருந்ததால அது பத்திரமா கிடைச்சுது.

ஸ்டிக் போச்சுன்னு முடிவானா வாரண்டிக்கு அனுப்புங்க, ரேமுக்கு பெரும்பாலும் நீண்ட வருஷ வாரண்டி இருக்கும், வாங்கின உடனேயே பில்லை போட்டோ எடுத்து வச்சிருந்தா கவலை இல்ல, சூடுல பில்லுல இருக்கிற எழுத்து மறைஞ்சு போயிடும். ஸ்டிக் மேல இருக்கிற சீரியல் நம்பர் ஸ்டிக்கரைக் கிழிக்காதீங்க, ஹீட் சிங்க்கைப் பிரிக்காதீங்க. கிட்டா வாங்கியிருந்தா கெட்ட ஸ்டிக் ஒண்ணை மட்டும் இல்லாம ரெண்டையும் சேர்த்தே கொடுத்து கிட்டாவே மாத்திக் கேளுங்க. மெம்டெஸ்ட் ஸ்க்ரீன்ல எர்ரர் தெரியுற போட்டோ, எந்த ஸ்லாட், எந்த ஸ்பீடு, எத்தனாவது பாஸ்னு நோட்டுல எழுதினது, இது ரெண்டையும் காட்டுங்க, அப்ப ஆன் பண்ணி பத்து நிமிஷம் பார்த்துட்டு நல்லாத்தானே இருக்குன்னு சொல்லி அனுப்ப மாட்டாங்க. புது ஸ்டிக் வந்ததும் அதையும் ஒரு ராத்திரி நாலு பாஸ் ஓட விட்டுட்டு அப்புறம் வேலைக்கு எடுங்க.